இரத்தக்காட்டேறியின் கடைசி எட்டுப் பக்கம்

நாரந்தனை
12.01.2003

அன்பு மச்சாள் பிரேமினிக்கு,

நானும் உமது அண்ணையும் சுகம். அவர் கடலுக்குப் போகிறார், வருகிறார். கொண்டுவருவதில் மீன் குறைவு, கதை கூட.

எழுத்து இவ்வளவு பெரிதாகக் கிடக்கிறதே என்று திகைக்காதையும். கொப்பியின்மேல் கோடு போடுகிற அடிமட்டத்தை வைத்து, பேனை அதில் முட்டுகிற இடத்தில் எழுதிக்கொண்டு போகிறேன். போன கடிதத்தில் இரண்டு வரியை ஒன்றின்மேல் ஒன்றாக எழுதிவிட்டேனாம். அண்ணை தபாலில் போட்ட பிறகுதான் சொன்னார். கெட்டிக்காரன்.

இரண்டு கண்ணிலும் வெண்படலம். யாழ்ப்பாணத்து டொக்குத்தர் ‘கற்றாக்’ என்றார். ஒவ்வொரு கண்ணாக வெட்டி எடுத்தால் பளிச்சென்று தெரியுமாம். வெட்டுகிறது அவர், வெட்டுப்படுகிறது நான். ஆகையால் யோசித்துச் சொல்கிறேன் என்று எழும்பி வந்தேன். யோசிக்கத் தொடங்கி இரண்டு வருடம்.

நீர் நத்தார்ப் பெருநாளுக்கு உமது குரலில் பதிந்து அனுப்பிய கசற் கிடைத்தது. நான் கேட்டது என்ன? “வாசிக்க ஏலாமல் கிடக்கு, காதாலை கேக்க ஏதும் அனுப்பும்.” நான் நினைத்தது புனிதர்களின் சரித்திரம். நீர் அனுப்பியது இரத்தம் குடிக்கிற பேய். அதுவும் காதலிக்கிற பேய். அதுவும் பல்லுவலி வந்த பேய்.

எங்கள் ஒழுங்கைக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. பேய்க்கெல்லாம் பற்றறி செலவழிக்க ஏலாது என்று உமது அண்ணை, இடம்பெயர்வுக் காலத்தில் செய்ததுபோல, சைக்கிளைக் கவிட்டு வைத்து, டைனமோவில் ரேப் றெக்கோடரின் வயரைக் கொழுவி, பெடலைக் கையால் சுற்றுகிறார். அவர் சுற்றினால்தான் நீர் கதைப்பீர். கெதியாகச் சுற்றினால் நீர் கிளி. ஆறுதலாகச் சுற்றினால் நீர் ஆம்பிளை. அந்த லோறன்ஸ், நானூறு வயதுக் காட்டேறி, பல் டொக்குத்தர் எலிசாவின் கதிரையில் சாய்ந்து அவள் கையைப் பிடிக்கிற இடம் வந்ததே, அதில் மனுசனுக்குக் கை நின்றுவிட்டது. லோறன்ஸ் “எலிசா...” என்று ஒரு மாட்டுக் குரலில் சொல்லிக்கொண்டே செத்துப்போனான். சொந்தத் தங்கச்சி வாயால் அதையெல்லாம் கேட்க அவருக்குக் கூச்சமாம்.

பக்கத்து வீட்டு மரியநாயகியும் வந்து கேட்டாள். கோயிலில் செபம் சொல்லித்தருகிற மூப்பர் யாகப்புவும் வந்தார். விசுவாசத்துக்கு விரோதமாக ஏதும் இருக்கிறதா என்று பார்க்க வந்தவராம். முதல் ஆளாக வந்து, முன் கதிரையில் இருந்து, கடைசியாக எழும்பிப் போனார்.

அடுத்த கசற்றைக் கெதியாக அனுப்பும். அவன் வாயைத் திறந்தானா இல்லையா?

அன்பு மச்சாள்
ஜசிந்தா


ஸ்காபரோ
9.02.2003

அன்புள்ள மச்சாள்,

வெளியே பனி முழங்காலளவு. உங்கள் கடிதத்தை பஸ்ஸில் வாசித்துச் சிரித்ததில் பக்கத்தில் இருந்த சீனக் கிழவி இடம் மாறி இருந்துகொண்டா.

இந்தக் கதை எப்படி வந்ததென்று கேட்பீர்கள். இங்கே புத்தகங்களை ஒருவர் வாசிக்க, கசற்றில் பதிந்து லைபிரறியில் இரவல் தருகிறார்கள். கார் ஓடுகிறவர்களுக்கும் என்னைப்போலக் கை ஓயாதவர்களுக்கும். நான் பிஸ்கற் பெட்டி அடுக்குகிற இடத்தில் எட்டு மணித்தியாலமும் யாரோடும் கதைக்க ஏலாது. காதில் குழாயைச் செருகிக்கொண்டு கேட்கிறேன். அட்டைப் படத்தைப் பார்த்து ஏதோ சமையல் புத்தகம் என்று நினைத்து எடுத்தேன். சிவப்பாக ஒரு கிளாஸ் இருந்தது. பாதி பெட்டி அடுக்கியபிறகுதான் அது தக்காளிச் சாறு இல்லை என்று விளங்கிற்று. அதற்குள் எனக்கு லோறன்ஸைப் பிடித்துவிட்டது.

கேட்டதை வீட்டுக்கு வந்து நம்முடைய தமிழில் சொல்லிப் பதிகிறேன். குளியலறைக்குள் இருந்துதான் பதிகிறது. பேய்க்குக் குரல் கொஞ்சம் எதிரொலித்தால் நல்லதுதானே. முதலாம் கசற்றில் யாரோ கதவைத் தட்டுகிறதைக் கேட்டு நீங்கள் பயந்திருந்தால், அது காட்டேறி இல்லை. என் மனுசன். அவசரம்.

இரண்டாம் கசற் இத்துடன் வருகிறது.

அண்ணை, இந்தக் கடிதத்தை நீங்கள்தான் மச்சாளுக்கு வாசித்துக் காட்டுவீர்கள். ஆகவே உங்களுக்கும் ஒரு வரி: கையை நிற்பாட்டாமல் சுற்றுங்கோ. கலியாணம் கட்டி இருபத்தைந்து வருடம், இன்னும் என்ன கூச்சம்?

மச்சாள், கண்ணுக்குத் திகதி எடுத்தாச்சா? ஒரு வரியில் பதில் வேண்டும். பகிடியில் இல்லை.

பிரேமினி


நாரந்தனை
22.03.2003

அன்பு மச்சாளுக்கு,

தவக்காலத்தில் காட்டேறிக் கதை கேட்கிற முதல் பங்குச் சனம் உலகத்தில் நாங்களாகத்தான் இருப்போம். நானும் நிற்பாட்டத்தான் பார்த்தேன். மூப்பர்தான், “பாதியிலை விட்டால் மனம் அதிலையே நிக்கும், செபம் கெடும், கேட்டு முடிக்கிறதுதான் புண்ணியம்” என்றார்.

வெள்ளிக்கிழமை ஒரு பிரச்சினை வந்தது. மரியநாயகி கேட்டாள்: “மூப்பர், வெள்ளிக்கிழமையிலை இறைச்சி ஒறுத்தலெல்லே. இரத்தம் இறைச்சியோ?”

மூப்பர் நாடியைத் தடவினார். “முட்டை இறைச்சியில்லை. பால் இறைச்சியில்லை. இரத்தம்... பங்குச் சுவாமியைத்தான் கேக்கவேணும்.”

உண்மையாகவே போய்க் கேட்டிருக்கிறார். சுவாமி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “யாகப்பு, உமக்கு வேலை கூடிப்போச்சு, ஒரு கிழமை ஓய்வெடும்” என்றாராம்.

மரியநாயகிக்கு மாப்பிள்ளையில் திருப்தியில்லை. “நானூறு வயதெண்டால் முதல் தாரம் இருந்திருக்கும், மறைக்கிறான். சிலுவைக்குப் பயந்தவன் கோயிலிலை எப்பிடித் தாலி கட்டுறது? பகல்லை எழும்பாதவனுக்கு ஆர் பொம்பிளை குடுக்கிறது?”

“உன்ர மருமோனும் பகல்லை எழும்புறேல்லைத்தானே” என்றேன். இரண்டு நாள் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் கசற் போடுகிற சத்தம் கேட்டு வந்துவிட்டாள்.

என் புதினமும் ஒன்று. ஞாயிறு காலை சுவாமி வெள்ளை அங்கியோடு வேலியடியில் நிற்கிறார் என்று நினைத்து, தலையில் முக்காட்டை இழுத்துவிட்டு, “தோத்திரம் சுவாமி” என்று சொன்னேன். பதில் இல்லை. கோபமாக்கும் என்று இன்னொருதரம் சொன்னேன். சுவாமி காற்றில் ஆடினார். மரியநாயகி காயப்போட்ட படுக்கை விரிப்பு. அவள் இதை எழுவைதீவு வரைக்கும் சொல்லிவிட்டாள். வள்ளத்தில் போகிறவர்களிடம் சொல்லி அனுப்பியிருப்பாள்.

இப்போது பெரிய பதைப்பு என்னவென்றால், இரண்டாம் கசற் முடிகிற இடம். அந்தப் பல்லைப் பிடுங்காவிட்டால் வலி தீராது. பிடுங்கினால் லோறன்ஸ் மனுசனாவானா, ஒரு பிடி சாம்பலாவானா என்று எலிசாவுக்கே தெரியாது. அவன் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டு இருக்கிறான். எனக்கு அவனை நன்றாக விளங்குகிறது. மிச்சத்தை அனுப்பும்.

கண்ணுக்கு இன்னும் திகதி தரவில்லை. பாஸ்காத் திருநாளுக்குப் பிறகு பார்க்கலாம்.

ஜசிந்தா


ஸ்காபரோ
27.04.2003

மச்சாள்,

பெரிய வியாழனன்று அண்ணை ஊர்காவற்றுறைக் கடையிலிருந்து ரெலிபோன் எடுத்தார். மரியநாயகி அவரிடம் சொன்னதை என்னிடம் சொன்னார்.

உங்களுக்குத் திகதி தந்திருக்கிறார்கள். மார்ச் பதினெட்டு. நீங்கள் எனக்குக் கடிதம் எழுத நாலு நாளுக்கு முன்னர். அண்ணை கடலில் நின்றதால் மரியநாயகியைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் போய், ஆஸ்பத்திரிக் கேற்றடியில் கால் மணித்தியாலம் நின்று, இரண்டு வடை வாங்கித் தின்றுவிட்டு, “டொக்குத்தர் லீவாம்” என்று பஸ் ஏறியிருக்கிறீர்கள். டொக்குத்தர் லீவில்லை. நீங்கள்தான் லீவு.

எனக்குப் பொய் எழுதினீர்கள். அதுவும் அடிமட்டம் வைத்து.

எனக்குக் கோபம் வந்தால் சத்தம் போட வராது என்று உங்களுக்குத் தெரியும். ஆகவே இப்படிச் செய்கிறேன். கேட்கிற கதை முடிந்தது. இனிக் கசற் வராது. கடைசி அத்தியாயத்தை என் கையால் எழுதி வைத்திருக்கிறேன், நீலக் கடதாசியில் எட்டுப் பக்கம், எறும்பெழுத்தில். இத்துடன் இருக்கிறது.

வேறு யாரிடமாவது கொடுத்து வாசிப்பிக்கலாம் என்று நினைப்பீர்கள். நினையுங்கள். வெளிநாட்டுக் கடிதம் வந்தால் முற்றத்தில் வைத்து எல்லாருக்கும் கேட்க வாசிக்கிற ஊர் நம்முடையது. நான் புத்தகத்தில் உள்ளதை ஒன்றும் விடாமல் எழுதியிருக்கிறேன். முற்றத்தில் வாசிக்கத் துணிந்தவர் யாரென்று எனக்கும் அறிவியுங்கள்.

தனியாக இருந்து, சொந்தக் கண்ணால் வாசிக்க வேண்டிய கடதாசி அது.

அண்ணை, இந்தக் கடிதத்தை வாசிக்கலாம். நீலக் கடதாசியை வாசிப்பது உங்கள் விருப்பம்.

பிரேமினி


நாரந்தனை
30.05.2003

பிரேமினிக்கு,

‘அன்பு’ போடவில்லை. கவனித்திருப்பீர்.

ஓம், பொய் சொன்னனான். வடை இரண்டில்லை, மூன்று. மரியநாயகி தன்னுடையதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

உமது நீலக் கடதாசி செய்த அநியாயத்தைக் கேளும். முதலில் உமது அண்ணையிடம் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, தொண்டையைச் செருமி, “எலிசா அவனுடைய...” என்று தொடங்கினார். அதோடு நின்றார். “என்ன, எலிசா அவனுடைய என்ன?” என்றேன். “வள்ளத்திலை ஒரு வெடிப்பு, பாத்திட்டு வாறன்” என்று எழும்பினவர் பொழுதுபட்ட பிறகுதான் வந்தார். அந்த வள்ளத்தில் வெடிப்பு இல்லை.

மரியநாயகி எழுத்து அறியாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் கொடுக்க நெஞ்சு வரவில்லை. கடைசியில் மூப்பரைக் கேட்டேன். “கூடாத இடத்தை விட்டிட்டு மிச்சத்தை வாசியுங்கோ மூப்பர், அவன் வாயைத் திறந்தானோ எண்டதைமட்டும் சொல்லுங்கோ” என்றேன். வாங்கினார். மனதுக்குள் வாசித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். நின்றபடியே ஒரு பக்கம். பிறகு ஒரு பக்கம். கடதாசி திரும்புகிற சத்தத்தை எண்ணிக்கொண்டு இருந்தேன். எட்டுப் பக்கமும் முடிந்தது. மடித்து என் கையில் வைத்தார்.

“பிள்ளை, இது வாசிக்கக் கூடாதது.”

முழுவதையும் வாசித்துவிட்டு. இப்போது ஊரில் முடிவு தெரிந்த ஒரே ஆள் அவர்தான். என்னைக் கண்டால் சிரித்துக்கொண்டு ஒழுங்கை மாறிப் போகிறார். சிரிக்கிறார் என்று மரியநாயகி சொல்கிறாள். எனக்கெங்கே தெரியும்.

பகிடி போதும். நீர் பகிடியில்லாமல் ஒரு வரி கேட்டீர். எழுதுகிறேன்.

எனக்கு வெட்டுக்குப் பயமில்லை பிரேமினி. பயம் வேறு. இப்போது உமது அண்ணை எனக்கு ஒரு புகைபோலத் தெரிகிறார். கால் முளைத்த புகை. படலையால் வருகிறது, சருவக் குடத்தில் தண்ணி அள்ளிக் கால் கழுவுகிறது, கதிரையில் இருக்கிறது. முகம் இல்லை. ஆனால் அந்தப் புகை எனக்குப் பழகிவிட்டது. வெட்டுகிறபோது ஏதும் பிழைத்தால் அந்தப் புகையும் போய்விடும். கேற்றடியில் நின்றபோது அதைத்தான் யோசித்தேன். இருக்கிறதைக் கொடுத்துவிட்டு வராததை வாங்கப் போகிறேனோ என்று.

லோறன்ஸ் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று எலிசாவுக்கு விளங்கியதா? உமக்கு விளங்குமா?

இதை நானே ஒட்டி, நானே தபாற்பெட்டியில் போடுவேன். தடவிப் பார்த்துத்தான்.

ஜசிந்தா


ஸ்காபரோ
19.06.2003

அன்புள்ள மச்சாள்,

அண்ணை, இதை மச்சாளுக்குமட்டும் கேட்க வாசியுங்கோ. முற்றத்தில் வேண்டாம்.

உங்கள் கடிதத்தை மூன்றுதரம் வாசித்தேன். அடுத்த நாள் முழுக்கப் பிஸ்கற் பெட்டிகளைத் தலைகீழாக அடுக்கிப் பேச்சு வாங்கினேன்.

நான் செய்தது பிழை. பதினாலாயிரம் கிலோமீற்றர் தள்ளி இருந்துகொண்டு “போ, வெட்டு” என்று சொல்வது இலகு. வெட்டுப்படுகிறவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கப் போவது நானில்லை. கதையைப் பணயம் வைத்தேன். மிட்டாயைக் காட்டி ஊசி போடுகிற மாதிரி. நீங்கள் பிள்ளையில்லை.

ஆகவே கடைசிக் கசற் இத்துடன் வருகிறது. அந்த எட்டுப் பக்கத்தையும் குளியலறையில் இருந்து சொல்லியிருக்கிறேன். இம்முறை யாரும் கதவு தட்டவில்லை. மனுசனைக் கடைக்கு அனுப்பிவிட்டுப் பதிந்தேன். கேட்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நான் இனிக் கேட்கவும் மாட்டேன்.

ஒன்றுமட்டும். பதின்மூன்று வருடமாக உங்களைக் காணவில்லை. இப்போது சண்டை நின்று பாதை திறந்து, போய்வருகிறவர்கள் போகிறார்கள். என் முறையும் வரும். நான் பஸ்ஸால் இறங்குகிறபோது நீங்கள் என் குரலைக் கேட்டுத்தான் “பிரேமினியோ” என்று கேட்கக் கூடாது. நான் எவ்வளவு கொழுத்துப்போனேன் என்று பார்த்து நீங்கள் நாலு வார்த்தை நக்கலாகச் சொல்ல வேண்டும். அது என் ஆசை. என் ஆசைக்கு உங்கள் கண் பொறுப்பில்லை.

என்ன முடிவென்றாலும் அடிமட்டம் வைத்து எழுதுங்கள். கோபிக்க மாட்டேன்.

பிரேமினி


நாரந்தனை
17.08.2003

என் அன்பு மச்சாள் பிரேமினிக்கு,

எழுத்தைப் பார்த்தீரா? அடிமட்டம் இல்லை. ஒரு பக்கத்தில் முப்பத்தொரு வரி. எண்ணிப் பார்த்தேன். எண்ணுகிறதுக்காகவே எண்ணினேன்.

உமது கசற் யூலை ஐந்தாம் திகதி வந்தது. எனக்கு ஆஸ்பத்திரியில் எட்டாம் திகதி. ஓம், உமக்கு அந்தக் கோபக் கடிதம் எழுதின கிழமையே உமது அண்ணையோடு போய்ப் புதுத் திகதி எடுத்தனான். எழுதினபிறகு நெஞ்சு லேசாகிவிட்டது. புகை புகை என்று உமக்கு எழுதிக்கொண்டிருக்கிறேனே, அந்த மனுசனிடம் ஒரு சொல் சொல்லவில்லையே என்று நினைத்து அவரிடமும் சொன்னேன். கேட்டுவிட்டு விளக்குத் திரியைத் தூண்டிவிட்டார். பிறகு, “புகை எங்கையும் போகாது. நான் கட்டிலடியிலை நிக்கிறன்” என்றார். அவ்வளவுதான் அவருடைய காதல் வசனம். லோறன்ஸ் நானூறு வருடம் படித்தும் அப்படி ஒன்று சொல்லவில்லை.

கசற்றை நான் கேட்கவில்லை. அலுமாரியில் வைத்துப் பூட்டித் திறப்பை மரியநாயகியிடம் கொடுத்தேன். அவள் மூன்று நாளும் நித்திரை கொள்ளவில்லையாம்.

ஆஸ்பத்திரி வாட்டில் எல்லாரும் ஒற்றைக் கண்ணைக் கட்டின ஆட்கள். சும்மா கிடக்க வாய் ஏலாமல், முதல் நாளே கதையைத் தொடங்கிவிட்டேன். பக்கத்துக் கட்டில் கமலாதேவி, வேலணைத் தோட்டக்காரி, சைவம், முட்டைகூட மணக்கக் கூடாது என்கிறவ. அவதான் முதலில் கேட்டா: “பிறகு, அந்த இரத்தம் குடிக்கிற பெடியன் வாயைத் திறந்தவனோ?” எனக்குத் தெரியாது என்றேன். “முடிவு தெரியாமல் ஏன் தொடங்கினனீங்கள்?” என்று எட்டுப் பேரும் சேர்ந்து பேசினார்கள். மருந்து விடுகிற நேர்சும் சேர்ந்து.

வெட்டுகிற நேரம் விழிப்புத்தான். டொக்குத்தர், “அம்மா, ஆடாமல், கதைக்காமல் இருக்கவேணும்” என்றார். ஆடாமல் இருந்தேன்.

அடுத்த நாள் காலை கட்டு அவிழ்த்தார்கள். முதலில் வெள்ளை. பிறகு ஒரு சேட்டுப் பொத்தான். நாலு ஓட்டையும் அதற்குள் நூலும் தெரிந்தது பிரேமினி. பொத்தானுக்கு மேலே உமது அண்ணை.

கிழவனாகிவிட்டார் அந்த மனுசன். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. மீசை முழுக்க வெள்ளை. இடது கன்னத்தில் ஒரு புது மறு. நான் பார்த்துக்கொண்டே இருக்க அவருக்குக் கூச்சம் வந்து, “என்ன, பேயைக் கண்டவள் மாதிரி?” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணீர் கூடாது என்று நேர்ஸ் ஓடிவந்தா. சிரிக்கலாமா என்று கேட்டேன்.

ஒரு மாதம் வாசிக்கக் கூடாதென்றார்கள். வாசிக்கவில்லை. நம்ப மாட்டீர், ஆனால் உண்மை. போன கிழமை மாதம் முடிந்தது. கிணற்றடியில், தனியாக, நீலக் கடதாசியை விரித்தேன்.

நீர் பெரிய கள்ளி. முதல் பக்கத்தில் அரைப் பக்கம் மட்டும்தானே அந்த விளையாட்டு. மற்றதெல்லாம் ஞானோபதேசம்போலச் சுத்தம். வாசலில் ஒரு கடிநாயைக் கட்டிவிட்டு வீட்டைத் திறந்து போட்டிருக்கிறீர். நாய்க்குப் பயந்து உமது அண்ணை ஓடினார். மூப்பர் தாண்டி உள்ளே போயும் வெளியே வந்து நாயைப் பற்றித்தான் சொன்னார்.

அவன் வாயைத் திறக்கிற இடத்தை மூன்றுதரம் வாசித்தேன். ஒரு பல் போய், ஒரு பல் மிஞ்சி, அரை மனுசனாகி, காலை வெயில் தாங்கும், மத்தியானம் குடை வேண்டும் என்று ஆனது எனக்கு நல்ல திருப்தி. சாம்பலாகியிருந்தால் உம்மோடு ஆயுளுக்கும் கதைத்திருக்க மாட்டேன். மரியநாயகிக்கும் திருப்தி. கலியாணம் காலையில்தானே, குடை தேவையில்லை என்கிறாள்.

முற்றத்தில் எல்லாருக்கும் நானே வாசித்தேன். முதல் அரைப் பக்கத்தை விட்டுவிட்டு. மூப்பர் எழும்பி, “பிள்ளை, ஒரு பக்கம் விடுபட்டுப் போச்சு” என்றார். எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். பாவம், தொப்பியைத் தேடிக்கொண்டு போனார்.

கமலாதேவிக்கு முடிவை எழுதிப் போட்டுவிட்டேன். மற்றக் கண்ணுக்குக் கார்த்திகையில் திகதி. போவேன். கதை ஒன்றும் தேவையில்லை. நீர் வருகிற திகதியைமட்டும் எழுதும். நக்கலுக்கு ஆயத்தமாகத்தான் இருக்கிறேன்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். நேற்று அரிசி புடைத்தேன். சுளகு நிறையக் கல். கறுப்பும் வெள்ளையுமாக, பொறுக்கப் பொறுக்க வந்தது. சுளகை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டேன். இரண்டு வருடமாக நான் கண் தெரியாமல் ஆக்கிப்போட்ட சோற்றில் இந்த மனுசன் எவ்வளவு கல்லைக் கடித்திருப்பார். ஒரு நாள், ஒரு வார்த்தை?

பின்னேரம் வந்ததும் கேட்டேன். “சோத்துக்கை கல்லுக் கிடந்தது. ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

கால் கழுவிக்கொண்டு நின்றவர் நிமிரவில்லை.

“கல்லோ? நான் மீன்முள்ளாக்கும் எண்டு நினைச்சனான்.”

ஜசிந்தா